குலங்களின் கணிதமும் ரிச்சர்டு பிரௌவரும்

நம் பங்கின் யூபிலி மலரைப் புரட்டும் அன்பர்கள், கோவில் கட்டிய வரலாற்றுக்கும் பக்த சபைகளின் அறிக்கைகளுக்கும் நடுவே ஒரு கணிதப் பேராசிரியரின் கதை எதற்கு என்று எண்ணக்கூடும். நம் பங்கின் பிள்ளைகள் பலர் இன்று கல்லூரிகளில் கணிதம் பயில்கிறார்கள். அவர்களுடைய பாடத்தில் 'குலம்' என்றொரு பகுதி வருகிறது. அந்தப் பெயரைக் கேட்ட பெற்றோர் சிலர், "குலம் கோத்திரமெல்லாம் கணக்கில் எப்போது புகுந்தது?" என்று கேட்பதுண்டு. பிள்ளைகளோ தேர்வுக்கு வேண்டிய வரையறைகளை மனப்பாடம் செய்துகொண்டு வெளியேறிவிடுகிறார்கள். அந்தப் பாடம் எவர் கைப்பட்டு வளர்ந்தது, எத்தனை இடர்களைத் தாண்டி நம் காலம்வரை வந்தது என்பதைப் பாடநூல்கள் சொல்வதில்லை. அதைச் சொல்ல நாம் தேர்ந்துகொண்டவர், ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவில் மறைந்த ரிச்சர்டு பிரௌவர் என்னும் பேராசிரியர்.

முதலில் குலம் என்பது என்ன என்று பார்த்துவிடுவோம். கோவில் தரையில் பதிக்கும் சதுர ஓடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். சாந்து பூசுமுன் அதை அதன் குழியிலிருந்து எடுத்து, மீண்டும் அதே குழியில் எத்தனை விதமாக வைக்கலாம்? அசைக்காமல் அப்படியே வைப்பது ஒன்று. கால் வட்டம், அரை வட்டம், முக்கால் வட்டம் திருப்பி வைப்பது மூன்று. குறுக்காகவோ, நெடுக்காகவோ, இரு மூலைவிட்டங்களின் வழியாகவோ கவிழ்த்து வைப்பது நான்கு. ஆக எட்டு. இந்த எட்டில் எதைச் செய்து அதன்மேல் எதைச் செய்தாலும், கிடைப்பது அந்த எட்டில் ஒன்றாகவே இருக்கும். செய்த எதையும் திரும்ப அவிழ்த்துவிடவும் முடியும். இப்படிக் கட்டுக்கோப்பாக அமைந்த செயல்களின் கூட்டமே குலம். நமது ஓட்டின் குலத்தில் எட்டு உறுப்புகள் உண்டு. முதலில் திருப்பிப் பின்பு கவிழ்ப்பதும், முதலில் கவிழ்த்துப் பின்பு திருப்புவதும் ஒன்றல்ல என்பதை ஓர் அட்டையைக் கத்தரித்து வைத்துக்கொண்டு எவரும் சோதித்துப் பார்க்கலாம். முன்பின் மாறினால் விடையும் மாறுகிற இந்தக் குணத்தில்தான் பாடத்தின் சுவையும் இருக்கிறது, கடினமும் இருக்கிறது.

எண்களுக்குள் பகா எண்கள் இருப்பதுபோல, குலங்களுக்குள்ளும் மேலும் பிரிக்க முடியாதவை உண்டு. அவற்றுக்கு 'எளிய குலங்கள்' என்று பெயர். இப்பெயரைச் சூட்டியவர்கள் நகைச்சுவை உணர்வு மிக்கவர்கள் போலும்! 'எளிய' குலங்கள் எவை எவை என்று முழுப் பட்டியலிட மனித குலத்துக்கு நூறு ஆண்டுகளுக்கு மேலாயிற்று.

பெர்லின் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த பிரொபேனியஸ் 1896ஆம் ஆண்டில் குலங்களை ஆராய ஒரு புதிய கருவியைக் கண்டார். ஒவ்வொரு குலத்துக்கும் ஓர் எண் அட்டவணை உண்டு என்றும், அதைப் படித்தால் குலத்தின் உள்ளமைப்பு புலப்படும் என்றும் அவர் காட்டினார். அட்டவணையின் வரிசைகளுக்குப் 'பண்புகள்' என்று பெயரிட்டார். நமது தரை ஓட்டின் குலத்துக்கு ஐந்து பண்புகள். அவற்றின் அளவுகள் 1, 1, 1, 1, 2. ஒவ்வோர் அளவையும் அதே அளவால் பெருக்கிக் கூட்டிப் பாருங்கள்: ஒன்றும் ஒன்றும் ஒன்றும் ஒன்றும் நான்கும் எட்டு. குலத்தின் உறுப்புகளும் எட்டு! எந்த முடிவுறு குலத்தை எடுத்தாலும் இந்தக் கணக்குத் தவறுவதில்லை.

பிரொபேனியஸின் மாணவர் இசாய் ஷூர். 1901இல் அவரிடம் முனைவர் பட்டம் பெற்ற ஷூர், ஆசானின் கருவியை மேலும் கூர்மையாக்கினார். பின்னாளில் பெர்லினிலேயே பேராசிரியரும் ஆனார். அவருடைய வகுப்பில் நானூறு பேருக்கு மேல் அமர்வதுண்டாம். இயற்கணித வகுப்புக்கு நானூறு பேர் என்றால் இக்காலத்தில் நம்புவது கடினம்.

அதே 1901ஆம் ஆண்டு பிப்ரவரி 10ஆம் நாள் பெர்லினை அடுத்த சார்லட்டன்பர்க்கில், தோல் வணிகம் செய்த ஒரு யூதக் குடும்பத்தில் ரிச்சர்டு பிரௌவர் பிறந்தார். அண்ணன் ஆல்பிரட் அவரைவிட ஏழு வயது மூத்தவர். ஆலிஸ் என்றொரு சகோதரியும் இருந்தார். அண்ணனுக்குக் கணிதத்தில் இருந்த பற்று தம்பிக்கும் தொற்றிக்கொண்டது. ஆனால் சிறுவன் ரிச்சர்டின் கனவு புதுக் கருவிகள் கண்டுபிடிப்பவனாக வேண்டும் என்பதே. எனவே 1919இல் முதலில் தொழில்நுட்பக் கல்லூரியில்தான் சேர்ந்தார். கைவேலையைவிடக் கருத்துவேலையே தமக்கு இசைந்தது என்பதை விரைவில் உணர்ந்து பெர்லின் பல்கலைக்கழகத்துக்கு மாறினார். அங்கே ஷூரின் வகுப்பில் வந்து அமர்ந்தார். வாழ்வின் திசை முடிவாகிவிட்டது.

ஷூர் தம் மாணவருக்கு வாரந்தோறும் கடினமான வினாக்களைக் கொடுப்பார். சில வினாக்களுக்கு அவருக்கே விடை தெரியாது. அத்தகைய ஒன்றுக்கு ஆல்பிரட், ரிச்சர்டு ஆகிய இரு சகோதரரும் சேர்ந்து விடை கண்டனர். ஹாப்ஃப் என்ற இன்னொரு மாணவரும் தனியே விடை கண்டிருந்தார். மூவர் பெயரிலும் அது 1926இல் ஒரே கட்டுரையாக வெளிவந்தது. அதே ஆண்டு ரிச்சர்டு முனைவர் பட்டமும் பெற்றார். அதற்கு முந்திய ஆண்டே உடன் பயின்ற இல்சே கார்கர் என்பாரை மணந்துகொண்டு, கோனிக்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தார்.

கோனிக்ஸ்பர்க் கணித உலகில் பெயர்பெற்ற ஊர். அவ்வூரின் ஏழு பாலங்களையும் ஒரே நடையில், எதையும் இருமுறை மிதிக்காமல் கடக்க முடியுமா என்ற புதிரை ஆய்லர் 1736இல் விடுவித்தார். இன்று அந்நகரம் கலினின்கிராட் என்ற பெயரில் ரஷ்யாவில் இருக்கிறது. பிரௌவர் அங்கே பணியாற்றிய காலத்தில் இரு ஆண் மக்கள் பிறந்தனர். இருவருமே பிற்காலத்தில் கணிதப் பேராசிரியரானார்கள். வேலையும் செழித்தது. முன்பின் மாற்றினால் பெருக்கலின் விடை மாறுகிற எண் அமைப்புகளை அவர் அங்கே ஆராய்ந்தார். அவற்றை வகைப்படுத்த அவர் அமைத்த ஒரு குலம் இன்றும் 'பிரௌவர் குலம்' என்றே வழங்குகிறது. 1932இல் எமி நோத்தர் அம்மையார், ஹெல்முட் ஹாஸ்ஸே ஆகியோருடன் சேர்ந்து அவர் வெளியிட்ட தேற்றம், அந்த ஆராய்ச்சியின் சிகரம் எனலாம். மூவரும் நல்ல நண்பர்கள். முப்பத்தொரு வயதில் ஒருவருக்கு வேறு என்ன வேண்டும்?

அடுத்த ஆண்டு எல்லாம் மாறிப்போயிற்று. 1933 ஜனவரி 30ஆம் நாள் ஹிட்லர் ஜெர்மனியின் ஆட்சிப் பொறுப்பை ஏற்றார். ஏப்ரல் 7ஆம் நாள், யூத வம்சத்தினர் அரசுப் பணியில் இருக்கலாகாது என்று சட்டம் பிறந்தது. பல்கலைக்கழக ஆசிரியர்களும் அரசுப் பணியாளர்களே. கோனிக்ஸ்பர்க்கில் பிரௌவர் வேலை இழந்தார். கோட்டிங்கனில் எமி நோத்தரும் இழந்தார். குலங்களை ஆராய்வதையே வாழ்வாகக் கொண்ட மனிதரை, அவர் பிறந்த குலத்தைச் சொல்லி வெளியேற்றினார்கள். கணித மொழியில் இவ்விரு சொற்களுக்கும் தொடர்பே இல்லை. தமிழில்தான் இரண்டும் ஒரே சொல்லாக வந்து நம்மை உறுத்துகின்றன.

வேலையிழந்த அறிஞர்களுக்கு உதவ அமெரிக்காவில் ஒரு குழு அமைந்திருந்தது. கென்டக்கி மாநிலத்தில் லெக்சிங்டன் என்ற ஊரில் வாழ்ந்த யூத மக்கள், தாம் கண்டிராத ஒரு ஜெர்மன் ஆசிரியருக்காகத் தங்களுக்குள் பணம் திரட்டினார்கள். அக்குழு தந்த தொகையும் இவர்கள் திரட்டிய தொகையும் சேர்ந்து, கென்டக்கிப் பல்கலைக்கழகத்தில் பிரௌவருக்கு ஓராண்டு வேலைக்கு வழி செய்தன. கணித வரலாற்று நூல்கள் இதை ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிடுகின்றன. நமக்கோ அங்கே சற்று நிற்கத் தோன்றுகிறது. பங்கில் ஒரு காரியத்துக்கு வீடு வீடாகப் போய்ப் பணம் சேர்த்து அனுபவப்பட்டவர்களுக்கு அதன் பாடு தெரியும். அது அமெரிக்காவிலும் கொடிய பொருளாதார மந்தக் காலம். பணம் கொடுத்தவர்களில் எத்தனை பேருக்கு அவர் என்ன பாடம் நடத்துவார் என்பது விளங்கியிருக்கும்? வருபவர் நம்மவர், வழியற்று நிற்கிறார் என்பது மட்டும் விளங்கியது. அது போதுமானதாக இருந்தது.

1933 நவம்பரில் பிரௌவர் லெக்சிங்டன் வந்து சேர்ந்தார். ஆங்கிலம் சொற்பமே தெரியும். மனைவியும் இரு குழந்தைகளும் சில மாதங்கள் கழித்து வந்தனர். அடுத்த ஆண்டு பிரின்ஸ்டன் நகரின் உயர் ஆராய்ச்சி நிலையத்தில் ஹெர்மன் வைல் என்ற பேரறிஞருக்கு உதவியாளராகும் வாய்ப்புக் கிடைத்தது. வைலும் ஜெர்மனியை விட்டு வெளியேறியவரே. அவருடைய மனைவி யூதப் பெண்மணி. 1935இல் எமி நோத்தரின் பரிந்துரையும் துணைசெய்ய, கனடா நாட்டின் டொரான்டோ பல்கலைக்கழகத்தில் பிரௌவருக்கு நிலையான இடம் கிடைத்தது. அவ்வாண்டு ஏப்ரலில் நோத்தர் அம்மையார் அறுவைச் சிகிச்சைக்குப் பின் திடீரென மறைந்துவிட்டார்.

பிரௌவரின் ஆராய்ச்சி வாழ்வில் மிகச் சிறந்த காலம் எது என்று கேட்டால், பலர் ஹார்வர்டு காலத்தைச் சொல்வார்கள். எம் கருத்தில் டொரான்டோவில் கழிந்த பதின்மூன்று ஆண்டுகளே அத்தகையவை. அங்கே அவர் ஏறத்தாழத் தனியாளாக ஒரு புதிய துறையையே எழுப்பினார்.

அதை இப்படி விளக்கலாம். கிழமைகளைக் கொண்டு கணக்குப் போடுவதை எண்ணிப் பாருங்கள். ஞாயிறு பூச்சியம், திங்கள் ஒன்று, செவ்வாய் இரண்டு என்று வைத்துக்கொண்டால், புதன்கிழமையிலிருந்து ஐந்து நாள் கடந்தால் திங்கள் வருகிறது. அதாவது மூன்றும் ஐந்தும் கூடினால் ஒன்று! ஏழு எண்கள் மட்டுமே உள்ள சிறிய எண்ணுலகம் இது. ஏழுக்குப் பதிலாக எந்தப் பகா எண்ணை வைத்தாலும் இத்தகைய ஓர் உலகம் கிடைக்கும். இரண்டை வைத்தால் ஒற்றை, இரட்டை என்ற இரண்டே எண்கள். பிரொபேனியஸும் ஷூரும் குலங்களின் பண்புகளைச் சாதாரண எண்களில் எழுதினார்கள். இத்தகைய சிறு எண்ணுலகில் எழுதினால் என்னாகும்? பகா எண் குலத்தின் உறுப்பு எண்ணிக்கையை வகுக்காவிட்டால் பழைய விதிகள் அப்படியே நிற்கின்றன. வகுத்தாலோ எல்லாம் குலைந்துவிடுகிறது. நமது ஓட்டின் குலத்துக்கு ஐந்து பண்புகள் என்றோமே, இரண்டு எண்கள் மட்டுமுள்ள உலகில் அந்த ஐந்தும் ஒன்றாகச் சுருங்கிவிடும்.

முன்னே சென்றோர் சிலர் இந்த இடிபாட்டைக் கண்டு ஒதுங்கினார்கள். அமெரிக்கரான டிக்சன் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எட்டிப் பார்த்துச் சில முடிவுகள் கூறியிருந்தார். இடிபாட்டுக்குள் ஓர் ஒழுங்கு இருக்கிறது என்று கண்டவர் பிரௌவர். சுருங்கிய உலகில் எத்தனை அடிப்படை வடிவங்கள் எஞ்சும் என்பதற்கு அவர் ஒரு திட்டமான விதியைக் கொடுத்தார். பழைய அட்டவணையின் பண்புகள் இச்சிறு உலகில் தனித்தனித் தொகுதிகளாகப் பிரிந்து நிற்கின்றன என்றும், ஒவ்வொரு தொகுதிக்குப் பின்னாலும் ஒரு சிறு குலம் மறைந்து நின்று அதை ஆள்கிறது என்றும் காட்டினார். இது பல ஆண்டுகளாக, கட்டுரை கட்டுரையாக வளர்ந்த கட்டடம்.

அதன் முதற்கல்லை அவருடன் சேர்ந்து வைத்தவர் செசில் நெஸ்பிட் என்ற டொரான்டோ மாணவர். இருவரின் கட்டுரை 1937இல் வந்தது. அந்நூலைப் படி, இந்நூலைப் படி என்று பிரௌவர் தம் மாணவரை விரட்டவில்லையாம். மணிக்கணக்காகப் பக்கத்தில் அமர்ந்து, தம் மனத்தில் உருவாகிக்கொண்டிருந்த கருத்துகளை ஒவ்வொரு குலமாக எடுத்துப் போட்டுச் சரிபார்ப்பாராம். கற்பித்தலும் ஆராய்தலும் அவருக்கு ஒரே வேலையாக இருந்திருக்கின்றன. நெஸ்பிட் பிற்காலத்தில் ஆயுள் காப்பீட்டுக் கணிதத்துக்கு மாறிப் புகழ்பெற்றது வேறு கதை.

இந்த வேலை நடந்துகொண்டிருந்தபோது கடலுக்கு அப்பால் நடந்தவற்றையும் சொல்லத்தான் வேண்டும். அண்ணன் ஆல்பிரட் முதல் உலகப் போரில் ஜெர்மனிக்காகப் போரிட்டவர். அதனால் 1933இல் அவரைத் தொடாமல் விட்டார்கள்; 1935இல் அவருக்கும் வேலை போயிற்று. போர் மூண்ட 1939ஆம் ஆண்டில் அவர் அமெரிக்கா வந்து தப்பினார். ஆசான் ஷூரின் பதவியும் 1935இல் பறிபோயிற்று. அடுத்து அறிவியற் கழக உறுப்பினர் பொறுப்பிலிருந்தும் விலக நேர்ந்தது. 1939இல் ஷூர் உடலும் உள்ளமும் நைந்து பாலஸ்தீனம் சென்றார். கையில் பணமில்லாமல், வாழ்நாளெல்லாம் சேர்த்த கணித நூல்களை விற்கும் நிலை வந்தது. அந்த நூல்களை வாங்கியது பிரின்ஸ்டன் ஆராய்ச்சி நிலையம். 1941 ஜனவரி 10ஆம் நாள், தம் அறுபத்தாறாம் பிறந்த நாளன்றே, டெல் அவிவ் நகரில் ஷூர் உயிர் நீத்தார். சகோதரி ஆலிஸ் ஜெர்மனியிலேயே தங்கியிருந்தார். நாஜிகளின் கொலை முகாம் ஒன்றில் அவர் வாழ்வு முடிந்தது.

பிரௌவரின் கட்டுரைகளில் இவற்றைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. தேற்றம், நிறுவல், அடுத்த தேற்றம் என்று அவை அமைதியாகப் போகின்றன. ஷூரின் படைப்புகளை அழியவிடாமல் காத்த பெருமை ஆல்பிரட்டுக்கு உரியது. 1973இல் அவரும் ஷூரின் இன்னொரு மாணவரான ரோர்பாக்கும் பதிப்பாசிரியர்களாக இருந்து அவற்றை மூன்று தொகுதிகளாக வெளியிட்டனர்.

போருக்குப் பின் பிரௌவரின் புகழ் பரவியது. பண்புகளைப் பற்றி 1947இல் அவர் நிறுவிய ஒரு தேற்றம், எண் கணிதத்தில் எமில் ஆர்ட்டின் எழுப்பிய பழைய வினா ஒன்றைத் தீர்த்துவைத்தது. அதற்கு 1949இல் அமெரிக்கக் கணிதக் கழகத்தின் கோல் பரிசு கிடைத்தது. 1948இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்கும், 1952இல் ஹார்வர்டுக்கும் சென்றார். அங்கேதான் 1971இல் ஓய்வு பெற்றார். இருபது, முப்பது வயதுக்குள் சாதிக்காதவன் கணிதத்தில் பிறகு சாதிக்கப்போவதில்லை என்றொரு பேச்சு நம் ஊரிலும் உண்டு. இவரோ ஐம்பது வயதைத் தாண்டியபின் தம் அடுத்த பெரிய வேலையைத் தொடங்கினார்.

1954இல் ஆம்ஸ்டர்டாம் நகரில் உலகக் கணித மாநாடு கூடியது. அதில் பிரௌவர் ஒரு திட்டத்தை முன்வைத்தார். ஓட்டைக் கவிழ்க்கும் செயலை நினைவிற்கொள்வோம். ஒருமுறை கவிழ்த்து, மறுபடியும் அதே விதமாகக் கவிழ்த்தால் பழைய நிலை வந்துவிடுகிறது. உறுப்புகளின் எண்ணிக்கை இரட்டைப்படையாக உள்ள எந்தக் குலத்திலும் இப்படி இருமுறையில் பழைய நிலைக்குத் திரும்பும் உறுப்பு ஒன்றாவது இருந்தே தீரும். அத்தகைய ஓர் உறுப்பை எடுத்துக்கொண்டு, அதனோடு முன்பின் மாற்றிச் செய்தாலும் விடை மாறாத உறுப்புகளை மட்டும் பொறுக்கி எடுங்கள். நமது ஓட்டில் நெடுக்கே கவிழ்க்கும் செயலுக்கு அப்படி ஒத்துப்போகிறவை நான்கு: சும்மா இருப்பது, அதே கவிழ்ப்பு, குறுக்கே கவிழ்ப்பது, அரை வட்டத் திருப்பம். இந்தச் சிறு கூட்டத்தை அறிந்தால், எளிய குலம் முழுவதையும் அறிய வழி பிறக்கும் என்றார் பிரௌவர். பானைச் சோற்றுக்குப் பதம் பார்ப்பது போன்ற உபாயம்தான். ஆனால் ஒரு பருக்கையைக் கொண்டு பானையின் கொள்ளளவையும் சொல்லிவிடலாம் என்பது அதற்கும் மேலே! கென்னத் ஃபௌலர் என்ற மாணவருடன் 1955இல் அவர் வெளியிட்ட தேற்றம் இதை உறுதிசெய்தது. அத்தகைய ஒத்துப்போகும் கூட்டம் ஒன்றைக் குறித்துக் கொடுத்தால், அதைத் தாங்கக்கூடிய எளிய குலங்கள் எண்ணி முடிக்கத்தக்க சிலவே.

இதன் பயன் பத்தாண்டில் தெரிந்தது. ஆஸ்திரேலியாவில் இருந்த ஸ்வோனிமிர் யான்கோ, 120 உறுப்புகள் கொண்ட அத்தகைய ஒரு கூட்டத்தை வைத்துக்கொண்டு தேடினார். 1965இல், அதுவரை எவரும் அறியாத, சரியாக 1,75,560 உறுப்புகள் கொண்ட ஒரு புதிய எளிய குலம் அகப்பட்டது. எந்தக் குடும்பத்திலும் சேராமல் தனித்து நிற்கும் அத்தகைய குலங்களில், பத்தொன்பதாம் நூற்றாண்டில் மாத்தியூ கண்ட ஐந்துக்குப் பின் அதுவே முதலாவது. அதைத் தொடர்ந்து ஒவ்வொன்றாக வந்து மொத்தம் 26 என்று கணக்கு முடிந்தது.

இரட்டைப்படைக்கு வழி கிடைத்தது. ஒற்றைப்படை? உறுப்புகளின் எண்ணிக்கை ஒற்றைப்படையானால், அற்பமான பகா எண் குலங்களைத் தவிர வேறு எளிய குலமே இராது என்று ஆங்கிலேயரான பர்ன்சைடு 1911இல் ஐயுற்றிருந்தார். அரை நூற்றாண்டாக எவராலும் நிறுவ முடியவில்லை. இதை நிறுவிய இருவரில் ஒருவரின் கதை, பிரௌவர் கதையின் மறுபாதி போலவே இருக்கிறது.

வால்டர் ஃபைட் 1930இல் வியன்னாவில் யூதப் பெற்றோருக்குப் பிறந்தார். 1939இல் போர் மூளும் தறுவாயில், யூதக் குழந்தைகளை இங்கிலாந்துக்கு ஏற்றிச் சென்ற ரயிலில் அவரைப் பெற்றோர் தனியே அனுப்பிவைத்தனர். அவருக்கு ஒன்பது வயதுகூட நிரம்பவில்லை. பெற்றோரை அவர் மீண்டும் காணவேயில்லை. ஆக்ஸ்போர்டில் அகதிச் சிறுவர் விடுதியில் வளர்ந்து, உபகாரச் சம்பளத்தில் படித்து, கணிதத்தில் ஆழ்ந்த பற்றுக் கொண்டார். 1946இல் அமெரிக்காவில் இருந்த உறவினரிடம் வந்து சேர்ந்தார். சிகாகோவில் பட்டம் பெற்றபின், 1951இல் மிச்சிகன் சென்றார். பிரௌவர் அங்கே இருக்கிறார் என்பதே காரணம். பிரௌவர் மறு ஆண்டே ஹார்வர்டுக்குப் போய்விட்டாலும், ஃபைட்டின் ஆய்வு பிரௌவர் காட்டிய பண்புகளின் வழியிலேயே நடந்தது.

இப்படி, 1896இல் பெர்லினில் பிறந்த கருவி ஷூர் கைக்கும், ஷூரிடமிருந்து பிரௌவர் கைக்கும், அங்கிருந்து வியன்னாவில் பிறந்த இந்த அநாதை இளைஞரின் கைக்கும் வந்து சேர்ந்தது. நடுவில் கண்ணி அறுந்துபோக எல்லாக் காரணங்களும் இருந்தன.

1960-61இல் சிகாகோவில் குல ஆராய்ச்சியாளர்கள் ஓராண்டு கூடியிருந்தபோது ஃபைட்டும் ஜான் தாம்சனும் பர்ன்சைடின் ஐயத்தைத் தாக்கினார்கள். சுசூகி என்ற ஜப்பானிய அறிஞர் 1957இல் திறந்துவைத்த வழி அவர்களுக்கு உதவியது. 1963இல் அவர்களுடைய நிறுவல் வெளிவந்தது. அதன் நீளம் 255 பக்கம். பசிபிக் கணித இதழின் ஓர் இதழ் முழுவதையும் அது ஒன்றே நிரப்பியது. கூற்றைச் சொல்ல ஒரு வரி போதும், நிறுவ 255 பக்கம் வேண்டும். அதற்குமுன் குலக் கணிதத்தில் அத்தகைய நீளத்தை எவரும் கண்டதில்லை. ஃபைட், தாம்சன் இருவருக்கும் 1965இல் கோல் பரிசு கிடைத்தது. 1970இல் பிரான்சின் நீஸ் நகரில் கூடிய உலக மாநாட்டில் தாம்சனுக்குப் பீல்ட்ஸ் பதக்கம் வழங்கப்பட்டபோது, அவருடைய பணியைச் சபைக்கு எடுத்துரைத்தவர் பிரௌவரே. அப்போது அவருக்கு வயது 69.

அந்த ஒற்றைப்படைத் தேற்றமும் பிரௌவரின் ஆம்ஸ்டர்டாம் திட்டமும் இரு தூண்களாக நிற்க, எளிய குலங்களின் முழுப் பட்டியலுக்கான வேலை பல நாட்டு அறிஞர்களின் கூட்டு முயற்சியாக நடந்தது. 1980களின் தொடக்கத்தில் முடிந்தது என்று அறிவித்தார்கள். எஞ்சியிருந்த ஒரு பெரிய இடைவெளி 2004இல்தான் அடைபட்டது. அதே 2004இல் ஃபைட் காலமானார். அவருடைய 255 பக்க நிறுவலில் எங்கேனும் ஓட்டை உண்டா என்று கணிப்பொறியைக் கொண்டு வரிக்கு வரி சோதிக்கும் வேலையை ஜார்ஜ் கோந்தியே என்பவரின் குழு மேற்கொண்டது. ஏறத்தாழ ஆறு ஆண்டு உழைப்புக்குப்பின் 2012இல், நிறுவல் முற்றும் சரி என்று முடிவு சொன்னார்கள்.

பிரௌவர் 1977 ஏப்ரல் 17ஆம் நாள் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பெல்மான்ட் என்ற ஊரில் காலமானார். ஓய்வு பெற்றபின்னும் அவர் எழுதுவதை நிறுத்தவில்லை. அமெரிக்கக் கணிதக் கழகத்தின் தலைவராகவும் இருந்திருக்கிறார். அந்நாட்டின் தேசிய அறிவியல் பதக்கமும் பெற்றிருக்கிறார். 1979இல் அக்கழகத்தின் ஏட்டில் அவரைப்பற்றிய நினைவுக் கட்டுரையை எழுதியவர் வால்டர் ஃபைட்.

தாம் விடை காணாத வினாக்களை மறைத்து வைக்கும் வழக்கம் பிரௌவரிடம் இல்லை. 1963இல் நாற்பதுக்கு மேற்பட்ட வினாக்களை ஒரு பட்டியலாகவே அச்சிட்டு உலகுக்குக் கொடுத்தார். டொரான்டோவில் அவர் கண்ட தொகுதிகளைப் பற்றிய ஒரு வினாவும் அதில் உண்டு. ஒரு தொகுதியின் பின்னால் மறைந்து நிற்கும் சிறு குலத்தில், முன்பின் மாற்றினால் விடை மாறுமா மாறாதா என்பதை, அட்டவணையில் உள்ள பண்புகளின் அளவுகளை மட்டும் பார்த்தே சொல்லிவிட முடியும் என்பது அவருடைய ஊகம். 1950களின் நடுவில் அவர் கூறிய அதை மெய்ப்பிக்க ஜெர்மனி, ஸ்பெயின், அமெரிக்கா எனப் பல நாட்டவர் முயன்றனர். மல்லே, நவாரோ, ஷேஃபர் ஃபிரை, தீப் என்ற நால்வர் எழுதிய இறுதி நிறுவல் 2024இல் அச்சேறியது. எளிய குலங்களின் முழுப் பட்டியல் கையில் இருந்ததால்தான் அது கைகூடியது. அதே 1963ஆம் ஆண்டுப் பட்டியலில், ஒரு தொகுதிக்குள் எத்தனை பண்புகள் அடங்கலாம் என்று வரம்பு கட்டும் வினா உட்படச் சில, இன்னும் விடை காணாமலே இருக்கின்றன.